டை ஹார்ட்: நக்கல் பேசும் போலீஸ்காரரும் கலவையான விமர்சனங்களும்

கொள்ளையர் பிடித்துவைத்த வானளாவிய கட்டடத்துக்குள் ஒரு போலீஸ்காரர் தனியாக மாட்டிக்கொள்ளும் "டை ஹார்ட்" படத்தை அண்மையில்தான் முதன்முறையாகப் பார்த்ததாகவும், 1988-இல் அது வெளியானபோது விமர்சகர்கள் இரண்டுபட்டு நின்றார்கள் என்று கேள்விப்பட்டு வியந்ததாகவும் சொல்கிறீர்கள். அதிரடிப் படங்களுக்கே இலக்கணம் என்று இன்று பேசப்படும் ஒரு படத்தில் அன்றைக்கு அப்படி என்ன குறை கண்டார்கள், அவர்கள் பார்த்தது தவறா என்பது உங்கள் முதல் கேள்வி. அதே நாயகன், அதே நக்கல் பேச்சு எல்லாம் இருந்தும் பின்னால் வந்த தொடர்ச்சிகளும் நகல்களும் ஏன் அந்த அளவுக்கு ஒட்டவில்லை என்பது இரண்டாவது கேள்வி. இரண்டுக்கும் விடை ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் இருக்கிறது. அந்தப் போலீஸ்காரர் பேசுகிற நக்கலுக்கு அடியில் என்ன கிடக்கிறது என்று பார்த்தால் இரண்டும் விளங்கிவிடும்.

முதலில் "கலவையான விமர்சனம்" என்ற சொல்லை அளவோடு புரிந்துகொள்ள வேண்டும். படம் யாரும் சீண்டாமல் போய்விடவில்லை. 1988 ஜூலை 15 அன்று வெறும் 21 திரையரங்குகளில் தொடங்கி, அடுத்த சில நாட்களில் நாடெங்கும் பரவி, அமெரிக்காவில் மட்டும் சுமார் 8 கோடியே 30 லட்சம் டாலர் வசூலித்தது; உலகக் கணக்கு ஏறத்தாழ 14 கோடி டாலர். படத்தொகுப்பு, ஒலி, ஒலி விளைவுகள், காட்சி விளைவுகள் என நான்கு ஆஸ்கர் பரிந்துரைகளும் கிடைத்தன. ஜான் மெக்டியர்னனின் இயக்கத்தையும், யான் டி போன்ட்டின் ஒளிப்பதிவையும், அதுவரை மேடையிலும் தொலைக்காட்சியிலும் நடித்துவந்து, வில்லனாக முதன்முதலாகத் திரைப்படத்துக்கு வந்த ஆலன் ரிக்மனையும் பெரும்பாலான விமர்சகர்கள் பாராட்டவே செய்தார்கள். பிளவு எழுந்தது வேறு இடங்களில்: கதையின் நம்பகத்தன்மை, காவல்துறை அதிகாரிகள் சித்திரிக்கப்பட்ட விதம், ப்ரூஸ் வில்லிஸ் இந்த வேடத்துக்குப் பொருந்துகிறாரா என்ற ஐயம்.

கடைசியாகச் சொன்ன ஐயம் படம் வருவதற்கு முன்பே தொடங்கிவிட்டது. இன்று வில்லிஸின் பெயரைக் கேட்டதும் அழுக்குப் பனியனும் வெறுங்காலுமாக ஒரு மனிதர் நினைவுக்கு வருகிறார். அன்றைக்கு அவர் 1985 முதல் "மூன்லைட்டிங்" தொலைக்காட்சித் தொடரில் வாய்த்துடுக்கான துப்பறிவாளராகச் சிரிக்கவைத்துக்கொண்டிருந்த சின்னத்திரை நடிகர். அப்படிப்பட்டவருக்கு 50 லட்சம் டாலர் சம்பளம் என்ற செய்தி அந்த நாளில் ஹாலிவுட்டையே முகம் சுளிக்கவைத்தது. முன்னோட்டத்தில் அவர் முகம் வந்தபோது பார்வையாளர்களிடம் வரவேற்பு இல்லை என்று கண்ட தயாரிப்பு நிறுவனம், சுவரொட்டிகளில் அவரைப் பின்னுக்குத் தள்ளிக் கட்டடத்தை முன்னால் வைத்தது; படம் ஓடத் தொடங்கிய பிறகே அவர் முகம் மறுபடி பெரிதாக வந்தது. ஆக, அவர் வாயைத் திறந்து ஒரு கிண்டல் வசனம் சொன்னவுடனேயே, சின்னத்திரையில் கேட்ட அதே குரல்தானே இது என்று முன்முடிவோடு கேட்ட காதுகள் அரங்கில் நிறைய இருந்தன. அந்தக் காதுகளைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. நாமும் ஒரு நகைச்சுவை நடிகரைக் காக்கிச் சட்டையில் முதன்முறை பார்க்கும்போது அப்படித்தான் கேட்போம்.

நக்கல் பேசும் போலீஸ்காரரை இந்தப் படம் கண்டுபிடிக்கவில்லை. 1971-இல் வந்த "டர்ட்டி ஹாரி"யில் க்ளின்ட் ஈஸ்ட்வுட் இறுகிய முகத்தோடு சொன்ன வசனங்கள் புகழ்பெற்றன. அந்தப் படத்தில் பாசிசச் சாயல் இருப்பதாகப் பாலின் கேல் எழுதிய கடுமையான விமர்சனமும் அதே அளவு புகழ்பெற்றது. 1982-இல் "48 ஹவர்ஸ்" எடி மர்ஃபியைத் திரைக்குக் கொண்டுவந்தது. 1984-இல் அவரே நாயகனாக நடித்த "பெவர்லி ஹில்ஸ் காப்" சிரிப்பையும் துப்பாக்கியையும் ஒரே தட்டில் வைத்து விற்றது. அந்த வேடம் முதலில் சில்வஸ்டர் ஸ்டலோனுக்காகப் பேசப்பட்டது என்பதை நினைத்துப் பார்த்தால், நடிகர் மாறினால் படத்தின் சுபாவமே எப்படி மாறும் என்பது புரியும். 1987-இல் "லீத்தல் வெப்பன்" வந்தது. மனைவியை இழந்து சாகத் துணிந்த ஒரு போலீஸ்காரர் அதில் கோமாளித்தனத்தால் தன் துயரத்தை மூடிக்கொண்டு திரிவார்.

இவற்றோடு 1985-இன் "கமாண்டோ"வையும் வைத்துப் பார்ப்பது பயன் தரும், அது போலீஸ் படம் இல்லை என்றாலும். அதன் தயாரிப்பாளர் ஜோயல் சில்வர். திரைக்கதை ஸ்டீவன் டி சூஸா. மூன்றே ஆண்டுகள் கழித்து அதே இருவரும் "டை ஹார்ட்"டிலும் பணியாற்றினார்கள். ஆனால் "கமாண்டோ"வில் ஆர்னால்ட் ஸ்வார்ஸ்நெகர் ஒருவனைக் கொன்று முடித்த பிறகுதான் கிண்டலாக ஏதாவது சொல்வார். கேட்க வேண்டியவன் செத்துக் கிடப்பான். வசனம் போய்ச் சேர்வது அரங்கில் இருக்கும் நமக்குத்தான். நாம் பஞ்ச் வசனம் என்று சொல்வது இதைத்தான். அது பேசுகிறவனின் அசைக்க முடியாத வலிமையைப் பறைசாற்றுகிறது. அவனுக்கு ஒன்றும் ஆகாது என்று நமக்கு உறுதி அளிக்கிறது. "டை ஹார்ட்"டில் வரும் நக்கல் இதற்கு நேர் எதிரானது. அங்கே அது, தனக்கு எதுவும் ஆகலாம் என்று தெரிந்த ஒருவனின் வாயிலிருந்து வருகிறது.

இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு நல்ல கதை உண்டு. மூலம், ராடெரிக் தோர்ப் 1979-இல் எழுதிய நாவல். அதன் நாயகன் ஓய்வுபெற்ற வயதான துப்பறிவாளர். கட்டடத்தில் சிக்குவது அவருடைய மகள். முடிவில் வில்லனோடு சேர்ந்து மகளும் விழுந்து இறந்துபோகிறாள். அதே நாயகனை 1968-இல் வந்த "தி டிடெக்டிவ்" படத்தில் ஃப்ராங்க் சினாட்ரா ஏற்று நடித்திருந்ததால், ஒப்பந்தப்படி இந்த வேடத்தை முதலில் அவருக்கே கொடுத்துப் பார்க்க வேண்டியிருந்தது. எழுபதைத் தாண்டியிருந்த அவர் மறுத்துவிட்டார். முதல் திரைக்கதையை எழுதிய ஜெப் ஸ்டூவர்ட், அந்த நாட்களில் ஒருநாள் மனைவியோடு சண்டை போட்டுவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்கிறார். நெடுஞ்சாலையில் ஒரு குளிர்பதனப் பெட்டியின் பெரிய அட்டைப்பெட்டி எதிரே கிடக்க, தவிர்க்க முடியாமல் அதன் மேலேயே காரை ஏற்றிவிட்டார். அது காலிப்பெட்டி. உயிர் தப்பிச் சாலையோரம் நின்றபோது, இது ஒரு கட்டடத்தைக் காப்பாற்றும் வீரனின் கதை இல்லை, மனைவியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டிய ஒருவன் அதைக் கேட்பதற்குள் எல்லாம் கைமீறிப்போகும் கதை என்று அவருக்குத் தோன்றியதாக அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். மகள் மனைவியானாள், முதியவர் நடுவயதுக்காரர் ஆனார்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு படத்தின் முதல் அரைமணி நேரத்தை மறுபடி பாருங்கள். நியூயார்க் போலீஸ்காரரான ஜான் மெக்ளேன், வேலைக்காக லாஸ் ஏஞ்சலஸுக்கு வந்துவிட்ட மனைவி ஹாலியைப் பார்க்கக் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் வருகிறார். நகடோமி நிறுவனத்தின் வரவேற்புக் கூடத்தில் தொடுதிரையில் மனைவியின் பெயரைத் தேடுகிறார். தன் குடும்பப் பெயரில் அவள் இல்லை, திருமணத்துக்கு முந்தைய பெயரில் இருக்கிறாள். மேலே போய் அவளைச் சந்திக்கிறார். அவள் விட்டுக்கொடுத்துப் பேசுகிறாள். அவர் அந்தப் பெயர் விவகாரத்தை இழுத்துச் சண்டையாக்குகிறார். பேச்சு பாதியில் நிற்க, அவள் விருந்தினர்முன் பேச அழைக்கப்பட்டுப் போய்விடுகிறாள். அறையில் தனியாக நிற்கும் மெக்ளேன் தலையை முட்டிக்கொண்டு, ரொம்பப் பக்குவமாக நடந்துகொண்டாய் என்கிற பொருளில் தன்னைத் தானே குத்திப் பேசுகிறார். அவருடைய குத்தல் இங்கே அவர்மேலேயே பாய்கிறது. விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரர் சொன்ன யோசனைப்படி செருப்பில்லாமல் கம்பளத்தில் கால்விரல்களை மடக்கிக்கொண்டிருக்கும்போதுதான் துப்பாக்கிச் சத்தம் கேட்கிறது. சண்டை வராமல் இருந்திருந்தால் அவர் அங்கே தனியாகவும் வெறுங்காலோடும் நின்றிருக்கப்போவதில்லை. படம் முழுக்க அவரை வதைக்கும் அந்த வெறுங்கால், கேட்கப்படாத ஒரு மன்னிப்பின் விளைவு.

அதன்பின் அவர் பேசும் நக்கலெல்லாம் யாரை நோக்கியவை என்று எண்ணிப் பார்க்கலாம். நிறுவனத் தலைவர் தகாகி கண்முன்னே சுட்டுக் கொல்லப்பட்டதும் மேல்தளத்துக்கு ஓடி, ஏன் தடுக்கவில்லை என்று தன்னையே திட்டி, தடுத்திருந்தால் நீயும் செத்திருப்பாய் என்று தானே பதிலும் சொல்லிக்கொள்கிறார். காற்றுக்குழாய்க்குள் லைட்டர் வெளிச்சத்தில் தவழ்ந்தபடி, வா, கொஞ்சம் கூடிச் சிரித்திருக்கலாம் என்று தன்னை இந்த ஊருக்கு அழைத்த அழைப்பைக் கேலியாகத் திருப்பிச் சொல்கிறார். தீயணைப்புக் குழாயை இடுப்பில் கட்டிக்கொண்டு மாடியிலிருந்து குதிப்பதற்குமுன், இனி உயரமான கட்டடத்துப் பக்கமே போக மாட்டேன் என்று கடவுளிடம் கெஞ்சுகிறார். எல்லாம் இருட்டில் தனியாக இருப்பவன் பயம் தெரியாமல் இருக்கப் பேசிக்கொள்ளும் பேச்சு. பயந்தவர்கள் இப்படித்தான் பேசுவார்கள் என்பதால்தான் அது சிரிப்பூட்டுகிறது.

குளியலறைக் காட்சிதான் இந்தப் படத்தின் உயிர்நாடி. வில்லன் ஹான்ஸ் க்ரூபர் மெக்ளேனின் வெறுங்காலைக் கவனித்துவிட்டுக் கண்ணாடித் தடுப்புகளைச் சுடச் சொல்கிறான். மெக்ளேன் நொறுங்கிய கண்ணாடியின் மேல் ஓடித் தப்புகிறார். ரத்தத் தடம் பதித்தபடி தவழ்ந்து வந்து, கைகழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பாதத்திலிருந்து சில்லுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கியபடி, கீழே தெருவில் நிற்கும் காவலர் ஆல் பவலுடன் வாக்கி டாக்கியில் பேசுகிறார். முதலில் வழக்கம்போல் ஏதோ கிண்டல் செய்ய முயல்கிறார்; குரல் ஒத்துழைக்கவில்லை. என் மனைவியைக் கண்டுபிடித்துச் சொல்லுங்கள், நேசிக்கிறேன் என்று ஆயிரம் முறை சொன்னதைக் கேட்டிருக்கிறாள், மன்னித்துவிடு என்று சொல்லி ஒருமுறைகூடக் கேட்டதில்லை என்கிறார். நக்கல் அங்கே நின்றுவிடுகிறது. ஒரு மணி நேரத்துக்கும் மேலாக அந்த மனிதர் பேசிய கேலியெல்லாம், சொல்ல வேண்டிய இந்த ஒரு சொல்லைச் சொல்லாமல் தள்ளிப்போட்டதுதான் என்பது அப்போது நமக்கு உறைக்கிறது. வில்லிஸை வெறும் துடுக்குப் பேச்சுக்காரர் என்று எழுதியவர்கள் இந்தக் காட்சியைச் சரியாக எடைபோடவில்லை என்றே நான் நினைக்கிறேன்.

இனி, விமர்சனங்களில் மிகவும் பேசப்பட்டதற்கு வருகிறேன். சிகாகோ சன்-டைம்ஸ் நாளிதழில் ராஜர் ஈபர்ட் இந்தப் படத்துக்கு நான்குக்கு இரண்டு நட்சத்திரம்தான் கொடுத்தார். அவருக்கு இந்த வகைப் படங்களே பிடிக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். "48 ஹவர்ஸ்" படத்துக்கு மூன்றரையும், "லீத்தல் வெப்பன்" படத்துக்கு முழு நான்கும் கொடுத்தவர் அவர். சண்டைக் காட்சிகளின் நேர்த்தியையும் ரிக்மனின் நடிப்பையும் மெச்சினார். அவருடைய முறையீடு ஒரே ஒரு பாத்திரத்தின் மேல்: பால் க்ளீசன் நடித்த துணைத் தலைமைக் காவல் அதிகாரி ட்வெய்ன் ராபின்சன். கதை நகரவேண்டுமே என்பதற்காகவே முட்டாளாக எழுதப்பட்டவர், வேண்டுமென்றே உதவாக்கரையாக இருப்பவர், தனியொருவராகவே படத்தின் பிற்பாதியைக் குலைத்துவிடுகிறார் என்பது ஈபர்ட்டின் வாதம்.

இதில் பாதியை நான் ஒப்புக்கொள்கிறேன். படத்தில் அதிகாரிகளின் தவறு இரண்டு விதமாக எழுதப்பட்டிருக்கிறது. ஈபர்ட் இரண்டையும் ஒரே தராசில் வைத்துவிட்டார். எஃப்.பி.ஐ. அதிகாரிகள் வந்ததும், பயங்கரவாதிகள் கட்டடத்தைப் பிடித்தால் கையேட்டில் எழுதியிருக்கும் முறைப்படி மின்சாரத்தைத் துண்டிக்கிறார்கள். அந்தத் துண்டிப்புக்காகவே காத்திருந்தவன் க்ரூபர். பாதுகாப்புப் பெட்டகத்தின் கடைசிப் பூட்டு மின்காந்தப் பூட்டு என்பதால் மின்சாரம் நின்றால்தான் அது திறக்கும். இங்கே அதிகாரிகள் முட்டாள்கள் இல்லை. அவர்கள் விதிப்படி நடக்கிறார்கள், விதி என்னவென்று திருடனுக்கும் தெரியும், அவ்வளவுதான். பயங்கரவாதி வேடம் போட்டால் போலீஸ் எப்படி நடந்துகொள்ளும் என்று கணக்கிட்டு 64 கோடி டாலர் பத்திரங்களைத் திருட வந்தவனின் திட்டத்துக்குள், காவல்துறையின் நடைமுறையே ஒரு பற்சக்கரமாகப் பொருந்துகிறது. மெக்டியர்னன் அரசியல் பயங்கரவாதத்தைப் பற்றி ஒரு படம் எடுக்க விரும்பாமல் வில்லன்களைத் திருடர்களாக மாற்றியதால் கிடைத்த லாபம் இது.

ராபின்சன் அப்படி இல்லை. அவர் பவல் சொல்வதை நம்ப மறுக்கிறார், வாக்கி டாக்கியில் பேசுகிறவனே பயங்கரவாதியாக இருக்கலாம் என்கிறார், எச்சரித்தும் கேளாமல் படையை உள்ளே அனுப்புகிறார். இதில் முதல் சந்தேகம் நியாயமானதுதான். முகம் தெரியாத ஒருவன் மாடியிலிருந்து பேசினால் எந்த அதிகாரியும் ஐயப்படுவார். ஆனால் எழுத்தாளர்கள் அந்த ஐயத்தை வளர்த்து ஒரு மனிதரை உருவாக்காமல், ஒவ்வொரு முறையும் அவர் வாயில் மட்டமான ஒரு வரியைத் திணித்துவிட்டார்கள். ஈபர்ட் எரிச்சல் அடைந்ததில் வியப்பில்லை.

ஆனாலும் ஒரு காட்சிக்காக ராபின்சனை நான் மன்னித்துவிடுவேன். கவச வண்டிக்குள் கிடக்கும் காவலர்களை க்ரூபரின் ஆட்கள் ராக்கெட்டால் தாக்க, இரண்டாவது தாக்குதலும் நடந்த பிறகு, மெக்ளேன் ஒரு நாற்காலியில் வெடிமருந்தைக் கட்டி மின்தூக்கிக் குழிக்குள் தள்ளிவிட்டு அந்தத் தளத்தையே தகர்க்கிறார். கீழே நிற்கும் ராபின்சன் அவரைத் திட்டுகிறார். எதற்காக என்றால், தெருவில் நிற்பவர்கள் மேலெல்லாம் கண்ணாடி கொட்டிவிட்டதாம். கண்ணாடியைப் பற்றி யாருக்கு அக்கறை என்று மெக்ளேன் கத்துகிறார். பிறகு அதே கண்ணாடிதான் அவர் பாதத்தைக் கிழிக்கிறது. மேலதிகாரியின் முறையீட்டில் அற்பமாக ஒலித்த சொல், சற்று நேரத்தில் வெறுங்காலோடு நிற்பவனின் வலியாகத் திரும்பி வருகிறது. இது திட்டமிட்டதா, படப்பிடிப்பு நடக்கும்போதே டி சூஸா காட்சிகளைத் திருத்தி எழுதிக்கொண்டிருந்ததில் தானாக அமைந்ததா என்று தெரியத் தேவையில்லை. திரையில் அது இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1990-இல் வந்த "டை ஹார்ட் 2"வில் டென்னிஸ் ஃப்ரான்ஸ் நடித்த விமான நிலையக் காவல் அதிகாரி, ராபின்சனுக்குக் கொஞ்சமும் குறையாமல் நாயகனின் பேச்சைத் தட்டிக்கழித்துக்கொண்டே இருப்பார். ஈபர்ட் அந்தப் படத்துக்கு மூன்றரை நட்சத்திரம் கொடுத்தார். ஒரு விமர்சகரின் நட்சத்திரத்தை நிரந்தரத் தீர்ப்பாகக் கொள்ளக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. முதல் படத்தில் அவரைத் தடுக்கியது புதுமை. இரண்டாவது வந்தபோது இந்த வகைப் படத்தின் நடைமுறை அவருக்கும் நமக்கும் பழகிவிட்டிருந்தது.

தொடர்ச்சிகள் ஏன் ஒட்டவில்லை என்ற கேள்விக்கும் இங்கிருந்தே போகலாம். கௌபாய்கள் எனப்படும் அமெரிக்க மாடு மேய்ப்பவர்களின் உற்சாகக் கூவலையொட்டி மெக்ளேன் சொல்லும் "யிப்பி-கி-யே" என்ற அந்தப் புகழ்பெற்ற வசனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் படத்தில் அது படம் பாதி ஓடுவதற்குள்ளேயே வந்துவிடுகிறது. க்ரூபர் வாக்கி டாக்கியில், நிறைய சினிமா பார்த்துக் கெட்டுப்போன இன்னோர் அமெரிக்கனா நீ, ஜான் வெய்ன் என்று நினைப்பா என்று கேட்கிறான். மெக்ளேன், தனக்குப் பிடித்தவர் பளபளக்கும் சட்டை போட்ட பாட்டுக்காரக் கௌபாய் ராய் ராஜர்ஸ்தான் என்று பதில் சொல்லிவிட்டு, பிழைப்பாய் என்று நினைக்கிறாயா என்ற கேள்விக்கு அந்த வசனத்தை ஏறக்குறைய முணுமுணுக்கிறார். யாரும் சாகவில்லை, எதுவும் வெடிக்கவில்லை. ஒளிந்து கிடக்கும் ஒருவன் தன்னை ஒரு பொம்மைக் கௌபாயாகச் சுருக்கிக்கொண்டு பேசுகிறான். அந்த அடக்கம்தான் அதன் அழகு. தொடர்ச்சிகளில் அது எதிரியை ஒழிக்கும் கணத்துக்கான முத்திரை வசனமாகிவிட்டது. இரண்டாம் படத்தில் எரிபொருள் தடத்தில் தீ வைக்கும்போது சொல்லப்படுகிறது, 2007-இல் வந்த நான்காம் படத்தில் வயது வரம்புச் சான்றிதழுக்காகத் துப்பாக்கிச் சத்தத்தில் பாதி வசனம் அமுக்கப்படுகிறது. அதாவது "கமாண்டோ"வின் பஞ்ச் வசனத்துக்கே திரும்பிவிட்டோம். 2013-இல் மாஸ்கோவில் நடப்பதாக வந்த ஐந்தாம் படத்தில், தான் விடுமுறையில் வந்திருப்பதாக மெக்ளேன் திரும்பத் திரும்பச் சொல்வதுதான் நகைச்சுவை. அவருக்கு வலிக்கவில்லை, பயமில்லை, சொல்லாமல் வைத்திருக்கும் எதுவும் இல்லை. பிறகு அந்தக் கேலி எதன் மேல் நிற்கும்? ஐந்தில் மிக மோசமான விமர்சனங்கள் அதற்கே கிடைத்தன.

நகல்களில் வெற்றிபெற்றவை வேறு வழியில் போயின. யான் டி போன்ட் தானே இயக்குநராகி 1994-இல் எடுத்த "ஸ்பீட்" படத்தில் நாயகன் அதிகம் கேலி பேசுவதில்லை. மூடிய இடம், ஓடும் கடிகாரம் என்ற கட்டமைப்பை மட்டும் அவர் எடுத்துக்கொண்டார். அதற்கு மாறாக, 1991-இன் "தி லாஸ்ட் பாய் ஸ்கவுட்" நக்கலை மட்டும் எடுத்துக்கொண்டு அதைப் பல மடங்கு பெருக்கியது. ஷேன் பிளாக்கின் அந்தத் திரைக்கதை 17 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்கு விலைபோனது. வில்லிஸ் அதில் தன்னையே வெறுக்கும் ஒரு தனியார் துப்பறிவாளர். எனக்கு அந்தப் பாத்திரத்தின் கசப்பு பிடிக்கும். ஆனால் அதில் எல்லாரும் ஒரே குரலில், ஒரே வேகத்தில் குத்திப் பேசுகிறார்கள். நாயகனின் நக்கல் பயத்திலிருந்து வருகிறது என்றால், பயமில்லாதவர்கள் வேறு மாதிரி பேச வேண்டும். "டை ஹார்ட்"டில் க்ரூபர் தேர்ந்த சொற்களில், அவசரமே இல்லாமல், கோட்டின் தையலைப் பற்றிக்கூடப் பேசுவான்; பவல் மெதுவாக, அன்பாகப் பேசுவார். அந்த வேற்றுமையில்தான் மெக்ளேனின் படபடப்பு காதில் விழுகிறது. விமர்சகர்கள் ஒரு படத்தின் நக்கலை அலுப்பாக இருக்கிறது என்று எழுதினால், பெரும்பாலும் அந்தப் படத்தில் எல்லாருமே நக்கல் பேசுகிறார்கள் என்று பொருள்.

அன்றைய விமர்சகர்கள் தவறிழைத்தார்களா என்று கேட்டீர்கள். சில கண்டனங்கள் இன்றும் நிற்கின்றன. திருடர்கள் வந்திறங்கும் லாரியில், கடைசியில் தப்பிக்க அவர்கள் எடுக்கும் ஆம்புலன்ஸுக்கு இடமே இல்லை என்பது கூர்ந்து பார்த்தால் தெரியும். தப்பிக்கும் திட்டம் பிற்பாடு சேர்க்கப்பட்டதால் வந்த ஓட்டை அது. ஹாலியின் விஷயம் அதைவிட முக்கியமானது. வேலைத் திறமைக்காக நிறுவனம் அவளுக்குக் கொடுத்த கைக்கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டுதான் க்ரூபர் சன்னலுக்கு வெளியே தொங்குகிறான். மெக்ளேன் அதைக் கழற்றிவிட, கடிகாரமும் க்ரூபரும் சேர்ந்து விழுகிறார்கள். அடுத்துத் தெருவில் மனைவியை அவளுடைய சொந்தப் பெயரிலேயே மெக்ளேன் பவலுக்கு அறிமுகம் செய்ய, அவள் திருத்திக் கணவன் பெயரைச் சொல்கிறாள். அவர் இறங்கிவந்தார் என்பதை அந்த அறிமுகம் காட்டுகிறது, அது அழகு. ஆனால் மன்னிப்புக் கேட்க வேண்டியவர் அவர் என்று இரண்டு மணி நேரம் சொன்ன படம், முடிவில் விட்டுக்கொடுப்பவளாக அவளை ஆக்கிவிட்டது. அவள் தன் பெயரை வைத்துக்கொண்டிருந்தால் கதைக்கு ஒரு குறையும் வந்திருக்காது.

அதைவிட என்னை இன்று உறுத்துவது பவலின் கதை. பொம்மைத் துப்பாக்கி வைத்திருந்த பதின்மூன்று வயதுச் சிறுவனை இருட்டில் தவறாகச் சுட்டுக் கொன்றவர் அவர். அன்றிலிருந்து எவர்மீதும் துப்பாக்கியை எடுக்க முடியாமல் மேசை வேலைக்குப் போனவர். ரெஜினால்ட் வெல்ஜான்சன் அதைச் சொல்லும்போது குரலை உயர்த்துவதே இல்லை. குற்றவுணர்வு எப்படி ஒலிக்கும் என்பதை அவ்வளவு துல்லியமாகக் காட்டிய போலீஸ் படங்கள் குறைவு. ஆனால் முடிவில், செத்துவிட்டதாக நினைத்த ஆயுததாரி எழுந்து வரும்போது பவல் சுட்டு வீழ்த்துகிறார். இசை பொங்கி எழுந்து, இதோ அவர் குணமாகிவிட்டார் என்கிறது. சிறுவனின் சாவை நினைத்துச் சுடத் தயங்கிய காவலர் மறுபடி சுடத் துணிவதையே மீட்சியாகக் காட்டும் அந்த இடத்தை, முதன்முறை பார்த்தபோது கைதட்டி ரசித்தவன் நான். அதன்பின் பலமுறை பார்த்துவிட்டேன். மெக்ளேனின் காலில் தைத்த கண்ணாடிக்காக இப்போதும் முகம் சுளிக்கிறேன், பவலின் அந்தத் தோட்டாவுக்கு மட்டும் கை தட்ட வருவதில்லை.